தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு மாறுதல்

கலாத்தியா விரிகுடாவில் முட்டையிட வரும் கடலாமைகள் இத்தனை காலமும் மூன்று கிலோமீட்டர் அகல வாசலை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கின்றன. அநியாய ஆடம்பரம். நன்றாக வளர்ந்த ஆமையே இரண்டு மீட்டர் நீளம்தான் இருக்கும்; அதற்கு எதற்கு மூன்று கிலோமீட்டர்? துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழும்பியதும் வாசல் முந்நூறு மீட்டராகக் குறைந்துவிடும். அதில் ஆமையும் போகலாம், ஆயிரக்கணக்கில் பெட்டிகளை அடுக்கிய சரக்குக் கப்பலும் போகலாம். எதிரும் புதிருமாகச் சந்தித்தால் யாராவது ஒருவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான். கப்பல் ஒதுங்கும் என்று நம்புவோம்.

கிரேட் நிகோபார் நம் நாட்டின் தென்கோடித் தீவு. அதன் தெற்கு நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது கலாத்தியா. வடக்கு இந்தியப் பெருங்கடலில் ஏழுவரி ஆமை முட்டையிடும் கரைகளில் மிக முக்கியமானவற்றுள் ஒன்று. மற்ற ஆமைகளுக்கு இருப்பதுபோல் இதற்குக் கெட்டியான ஓடு கிடையாது. தோல் போர்த்திய முதுகு, அதில் நீளவாக்கில் ஏழு வரிகள். எடை அரை டன்னைத் தொடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இருட்டில் கரையேறி, மணலைத் தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். 2004 டிசம்பர் 26 அன்று தீவின் தென்முனை நான்கு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. ஆமைகள் ஏறி வந்த மணலை அலை வழித்துக்கொண்டு போனது. சில ஆண்டுகளில் கடல் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டது. ஆமைகளும் திரும்பி வந்தன. சுனாமிக்குத் தப்பியவை நிதி ஆயோக் தீட்டிய துறைமுகத் திட்டத்துக்குத் தப்புமா என்பதுதான் இப்போது நடக்கும் சோதனை.

திட்டத்துக்கு முன்பு சொன்ன செலவு 72,000 கோடி ரூபாய். பிறகு அது 81,000 கோடியானது. பன்னாட்டுப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதிதாக ஒரு நகரம். ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேரைக் குடியேற்றும் கணக்கு. எடுத்துக்கொள்ளும் நிலம் 166 சதுர கிலோமீட்டர். அதில் 130 சதுர கிலோமீட்டர் காடு. காடு என்றால் வனத்துறை பலகை நட்டு யூகலிப்டஸ் வளர்க்கும் காடு அல்ல. மனிதனின் கோடரி படாத மழைக்காடு.

இப்படி எதையாவது கட்டினால் காட்டுக்கும் அதில் வாழும் உயிர்களுக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து சொல்வதற்குப் பெயர் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கை இதற்கு விதி வகுத்திருக்கிறது. மதிப்பீடு செய்யும் ஆலோசகரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? கட்டப்போகிறவர். கட்டணம் கொடுப்பவர்? அவரேதான். ‘இங்கே கட்டக் கூடாது’ என்று அறிக்கையை முடிக்கும் ஆலோசகர் நாட்டில் எங்காவது இருக்கக்கூடும். அடுத்த வேலை அவருக்கு எங்கிருந்து வரும் என்றுதான் தெரியவில்லை.

ஆலோசகர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் ஒரு பாக்சைட் சுரங்கத்துக்கு எழுதிய மதிப்பீட்டில், அங்குள்ள பறவைகள் ஸ்ப்ரூஸ் காடுகளிலும் பிர்ச் காடுகளிலும் வாழ்வதாகக் கண்டிருந்தது. அல்போன்சா மாம்பழம் பழுக்கிற கொங்கணத்து வெயிலில், பனி நாட்டு மரங்கள். ரஷ்யச் சுரங்கம் ஒன்றின் அறிக்கையிலிருந்து அள்ளியது என்று பிறகு தெரியவந்தது. ஊர்ப் பெயரை மாற்றியவருக்கு மரத்தின் பெயரை மாற்றத் தோன்றவில்லை, அவ்வளவுதான் பிசகு. அதைப் படித்துப் பார்க்க வேண்டிய மேசைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அதற்கு என்ன பெயர் வைப்பது?

நிகோபாருக்கு வருவோம். 1997இல் கலாத்தியா விரிகுடா சரணாலயம் ஆனது, காரணம் ஆமை. 2021 ஜனவரி 5 அன்று தேசியக் காட்டுயிர் வாரியத்தின் நிலைக்குழு அந்தச் சரணாலயத்தை ஒழிக்க ஒப்புதல் கொடுத்தது, காரணம் துறைமுகம். காட்டுயிரைக் காக்க அமைத்த வாரியம் அது என்பதை நினைவில் வையுங்கள். அதே ஜனவரியில், அதே சுற்றுச்சூழல் அமைச்சகம், கடலாமைகளைக் காப்பதற்கான தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. முக்கியமான ஆமைக் கரைகளில் ஒன்றாகக் கலாத்தியாவும் அதில் இடம்பெற்றிருந்தது. அமைச்சகத்தின் ஓர் அறைக்கு அடுத்த அறையில் நடப்பது தெரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாகவே தெரியும். ஓர் ஆவணம் வெளிநாட்டு மாநாட்டில் காட்டுவதற்கு. இன்னொன்று இங்கே கட்டுவதற்கு.

தேதிகளை வரிசையாகப் பாருங்கள். திட்டத்தின் முன்சாத்தியக்கூறு அறிக்கை 2021 மார்ச்சில் வந்தது. தாக்க மதிப்பீட்டின் வரைவு அந்த ஆண்டு டிசம்பரில். தீவின் கேம்ப்பெல் பேயில் மக்கள் கருத்துக்கேட்பு 2022 ஜனவரியில். சுற்றுச்சூழல் அனுமதி 2022 நவம்பரில். இவை எல்லாவற்றுக்கும் முன்பே ஆமையின் சரணாலயம் போய்விட்டது. ‘இங்கே துறைமுகம் கட்டலாமா?’ என்ற கேள்வியை மதிப்பீட்டாளரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவருக்கு மிச்சமிருந்த கேள்வி ஒன்றுதான்: ஆமையை எங்கே அனுப்புவது?

அதற்கு நம் அரசு அலுவலகங்களில் நூறாண்டுப் பழக்கம் இருக்கிறது. வேண்டாதவரைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவது. நேர்மையான தாசில்தாருக்கு நேர்வது கடலாமைக்கும் நேர்ந்திருக்கிறது. ஆணையை நானே எழுதிப் பார்த்தேன்:

‘பொருள்: கடலோரப் பணியமைப்பு – ஏழுவரி ஆமை – நிர்வாக நலன் கருதி மாறுதல் – ஆணை வெளியிடப்படுகிறது. கலாத்தியா விரிகுடாவில் நெடுங்காலமாக ஒரே இடத்தில் பணியாற்றி வரும் மேற்படி ஆமை, பொதுநலன் கருதி லிட்டில் நிகோபார் தீவுக்கு மாறுதல் செய்யப்படுகிறது. மேற்படி ஆமை உடனடியாகப் பணிவிடுவிப்பு செய்யப்படுகிறது. பணியேற்பிடைக் காலமும் பயணப்படியும் அனுமதிக்கப்பட மாட்டா. வயிற்றில் முட்டை இருப்பது மாறுதலை நிறுத்திவைக்கக் காரணமாக ஏற்கப்பட மாட்டாது. மேல்முறையீடு இருப்பின் உரிய வழியில் மூன்று பிரதிகளில் சமர்ப்பிக்கலாம்.’

வாசகம்தான் என் கற்பனை. மாறுதல் நிஜம். 2022இல் அந்தமான் நிகோபார் நிர்வாகம் மூன்று புதிய சரணாலயங்களை அறிவித்தது: ஆமைக்கு லிட்டில் நிகோபார், பவளத்துக்கு மெரோ தீவு, மெகபோடுப் பறவைக்கு மென்சால் தீவு. ஆமை ஒருவேளை ஆணையை மதிக்கக்கூடும் என்றே வைத்துக்கொள்வோம். அந்தமானில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி அனுப்பிய ஏழுவரி ஆமைகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வரைக்கும் ஆப்பிரிக்கப் பக்கம் வரைக்கும் போயிருக்கின்றன. பக்கத்துத் தீவு எம்மாத்திரம் என்று கோப்பில் எழுதிவிடலாம். அத்தனை தூரம் போனது மறுபடி இந்தத் தீவுகளைத் தேடி வருவது ஏன் என்ற கேள்விக்குக் கோப்பில் பத்தி கிடையாது.

மெகபோடின் கதை இன்னும் மோசம். உலகத்தில் நிகோபார் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை. மற்ற பறவைகள்போல் முட்டைமேல் உட்கார்ந்து அடைகாக்காது. கடலோரக் காட்டு மண்ணையும் மணலையும் இலைதழைகளையும் காலால் கிளறிக் குவித்து ஆளுயரத்துக்குக்கூட மேடு கட்டும். உள்ளே முட்டையைப் புதைத்துவிடும். இலை மக்கும் சூட்டிலும் வெயிலின் சூட்டிலும் குஞ்சு பொரியும். பொரிந்த குஞ்சு தானே மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்து தன் பிழைப்பைப் பார்த்துக்கொள்ளும். ஒரே மேட்டைப் பறவைகள் ஆண்டுக்கணக்கில் பழுது பார்த்துப் பயன்படுத்தும். சுனாமியில் இந்த மேடுகளில் பெரும்பகுதி அழிந்தது. மிச்சமிருப்பவற்றில், திட்டப் பகுதியில் புழக்கத்தில் உள்ள கூடுகள் 51 என்றும், அவற்றில் 30 நிரந்தரமாக அழியும் என்றும் மதிப்பீட்டு ஆவணங்களே சொல்கின்றன. மாற்று இடமான மென்சால் தீவின் பரப்பு ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. சரி, தீவு சின்னது. பறவை தன் மேட்டைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போகும் என்று யாராவது கேட்டார்களா? முப்பது கூடுகள் அழியும் என்று எண்ணி எழுதியவரின் கை அடுத்த வரியில் ‘தணிப்பு நடவடிக்கை’ என்று எழுதப் போனதே, அந்தக் கையை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. தெரியாமல் செய்தவன்மேல் கோபப்பட முடியாது. இவர்கள் எண்ணிப் பார்த்துவிட்டுச் செய்கிறார்கள்.

அந்த மூன்று தீவுகளுக்கும் மனிதச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். தெற்கு நிகோபார் மக்களின் மூதாதையர் நிலம் அது; மெரோவும் மென்சாலும் அவர்களுக்குப் புனிதமானவை. அவர்களைக் கலந்துகொள்ளாமல் அவர்கள் தீவில் சரணாலயம். கிரேட் நிகோபாரின் உள்காட்டில் ஷோம்பென் மக்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் 229 பேர். பழங்குடிக் காப்பு நிலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கச் சம்மதித்து முதலில் கையெழுத்திட்ட பழங்குடி மன்றம், தங்களிடம் முழு விவரம் சொல்லவில்லை என்று 2022 நவம்பரில் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது. கடிதம் போய்ச் சேர்ந்தது. அதற்குமேல் எதுவும் போய்ச் சேரவில்லை.

இனி மரங்கள். வெட்டப்போவது எட்டரை லட்சம் மரம் என்றார்கள் முதலில். பிறகு 9.64 லட்சம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். துல்லியத்தைப் பாருங்கள், தசமப் புள்ளிவரை எண்ணியிருக்கிறார்கள். நாமும் ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்வோம். 130 சதுர கிலோமீட்டர் என்பது பதின்மூவாயிரம் ஹெக்டேர். 9.64 லட்சத்தை அதால் வகுத்தால் ஹெக்டேருக்கு 74 மரம், ஏக்கருக்கு முப்பது. பொள்ளாச்சிப் பக்கம் யாரையாவது கேளுங்கள்: கைக்கும் காலுக்கும் இடம் விட்டு நட்ட தென்னந்தோப்பிலேயே ஏக்கருக்கு எழுபது தென்னை நிற்கும். மழைக்காட்டிலோ ஏக்கருக்கு இருநூறு மரம் சாதாரணம். காட்டில் ஏறக்குறைய பாதியை வெட்டாமல் பசுமையாக வைத்திருப்போம் என்று அமைச்சகம் சொல்வதை அப்படியே நம்பினாலும், வெட்டும் பாதியில் ஏக்கருக்கு அறுபது மரம்தான் வருகிறது. தென்னந்தோப்பைவிடக் குறைவு. ஆக, ஒன்று அது காடு இல்லை. அல்லது எண்ணியவர் காட்டுக்குள் போகவில்லை.

வெட்டிய காட்டுக்கு ஈடாக வேறு காடு வளர்க்க வேண்டும் என்பது சட்டம். தீவில் இடமில்லை. எனவே காட்டுக்கும் மாறுதல் வந்தது: ஹரியானாவுக்கு. ஏறத்தாழ மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், குருகிராமும் நூஹும் ரேவாரியும் இருக்கிற, ஆரவல்லியின் வறண்ட மேட்டுக்கு. தண்ணியில்லாக் காடு என்பதை இவ்வளவு அட்சரசுத்தமாக எந்த நிர்வாகமும் இதுவரை நிறைவேற்றியதில்லை. உவர்நீர் முதலையும், தேங்காயை உடைத்துத் தின்னும் பெருநண்டும், நிகோபாரின் நீள்வால் குரங்கும் டெல்லிக்குப் பக்கத்தில் உடைமுள் மரத்தடியில் கூடிக்கொள்ள வேண்டியது. ஈட்டுக் காட்டுக்கென்று ஒதுக்கிய அந்த ஹரியானா நிலத்திலேயே ஒரு துண்டு கல் குவாரிக்கு ஏலம் போனதாகப் பின்னர் செய்தி வந்தது. ஈட்டுக்கும் ஈடு தேட வேண்டும். அதற்கு வேறு மாநிலம் பார்க்க வேண்டும்.

தீவு தூரத்தில் இருப்பதால் இப்படி என்று நினைக்கிறவர்களுக்கு மும்பையின் ஆரே காலனியைச் சொல்ல வேண்டும். மெட்ரோ பணிமனைக்காக மரம் வெட்டுவதை எதிர்த்த மனுக்களை 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அன்று இரவே மின்ரம்பங்கள் வந்துவிட்டன. அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் வெட்டாதீர்கள் என்றது. அதற்குள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட மரங்கள் விழுந்திருந்தன. வேண்டியதை வெட்டி முடித்துவிட்டோம் என்று அரசுத் தரப்பு பணிவோடு தெரிவித்தது. நம் நாட்டில் எந்த அரசுப் பணியும் குறித்த நேரத்துக்கு முன்பே முடிந்ததில்லை என்பவர்கள் அந்த மூன்று இரவுகளை மறந்துவிட்டவர்கள்.

மதிப்பீடே இல்லாமல் கட்டிவிட்டு, பிறகு அபராதம் கட்டி அனுமதி வாங்கும் வழியும் இருந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தப் பின்னேற்பு அனுமதிக் கதவை மூடியது. கட்டிய கட்டடங்களை இடிக்க வேண்டிவருமே, எவ்வளவு பொதுப்பணம் வீண் என்று ஒப்பாரி எழுந்தது. நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதே நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. கட்டடத்தை இடித்தால் நஷ்டம் என்பதற்குக் கணக்குப் போட ஆள் உண்டு.

இந்த நாடகத்தில் சென்னைக்கும் ஒரு பாத்திரம் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடலோர ஒழுங்குமுறை விதிகளில் 1ஏ என்றொரு வகை. பவளப்பாறை, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை, பறவைகள் கூடுகட்டும் கரை இருக்கும் இடங்கள் இதில் வரும். அங்கே துறைமுகம் கட்டத் தடை. திட்டத்தின் ஏறத்தாழ ஏழு சதுர கிலோமீட்டர் இந்த வகைக்குள் வருகிறது என்று அந்தமான் நிகோபாரின் கடலோர மேலாண்மை ஆணையமே சொல்லியிருந்தது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2023 ஏப்ரலில் தீர்ப்பாயம், அனுமதியில் தலையிட மாட்டோம், ஆனால் சில சந்தேகங்கள் இருக்கின்றன என்றது. மூன்று பருவத் தரவு வேண்டிய இடத்தில் ஒரு பருவத் தரவுதானே இருக்கிறது? 20,668 பவளத் தொகுதிகளில் 16,150ஐப் பெயர்த்து வேறிடத்தில் நடப்போவதாகச் சொல்கிறார்களே, மீதிக்கு என்ன வழி? தடைசெய்த வகையில் துறைமுகம் எப்படி? நல்ல கேள்விகள். இவற்றை ஆராய ஓர் உயர்நிலைக் குழு அமைத்தது. தலைவர், அனுமதி கொடுத்த சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் செயலாளர். உறுப்பினர்களில் திட்டத்தைத் தீட்டிய நிதி ஆயோக்கின் பிரதிநிதியும், தீவு நிர்வாகத்தின் தலைமைச் செயலாளரும் உண்டு. பாவம் ஆமை, குழுவில் அதன் சார்பில் உட்கார யாருக்கும் பதவி இல்லை.

குழு ஆராய்ந்தது. ஒரு பருவத் தரவே போதும் என்று கண்டது. கடலோர வகைப்பாட்டைச் சரிபார்க்கச் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் நிலைத்த கடலோர மேலாண்மைக்கான தேசிய மையத்தை அழைத்தது. மையம் களத்தைச் சரிபார்த்தது. முடிவு: திட்டத்தின் எந்தப் பகுதியும் 1ஏ வகையில் இல்லை. ஏழு சதுர கிலோமீட்டரும் துறைமுகம் அனுமதிக்கப்பட்ட அடுத்த வகைக்குள் சமத்தாகப் போய் உட்கார்ந்துகொண்டது. ஆமைக்கும் பறவைக்கும் காட்டுக்கும் நடந்த மாறுதல் கடைசியில் நிலத்துக்கும் நடந்தது, நிலம் இருந்த இடத்தைவிட்டு அசையாமலே.

அப்படியானால் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். அங்கே பவளம் இல்லை என்றால், பெயர்த்து நடப்போகும் 16,150 பவளத் தொகுதிகளை எங்கிருந்து பெயர்க்கப்போகிறார்கள்? ஆமை முட்டையிடவில்லை என்றால், லிட்டில் நிகோபாரில் யாருக்குச் சரணாலயம்? கூடு கட்டும் பறவை இல்லை என்றால், அழியப்போகும் முப்பது கூடுகளைக் கட்டியது யார்? ஒரு கோப்பின்படி அங்கே எல்லா உயிரும் இருக்கிறது, அதனால் தணிப்பு நடவடிக்கைக்கு நிதி ஒதுக்கவேண்டும். இன்னொரு கோப்பின்படி எதுவுமே இல்லை, அதனால் துறைமுகம் கட்டலாம். இரண்டு கோப்புகளுக்கும் ஒரே திட்டத்தின் பெயர்.

குழுவின் அறிக்கையைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். பார்க்க முடியாது. நாட்டின் பாதுகாப்பு தொடர்பானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டவர்களுக்குக் கைவிரித்தாயிற்று. விமான நிலையத்தின் ஓடுபாதையில் பாதுகாப்பு ரகசியம் இருக்கலாம்; ஒப்புக்கொள்கிறேன். எந்த நாட்டுக் கப்பலும் வந்து பெட்டி இறக்குவதற்கான துறைமுகத்தையும், சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகளையும் ஊரறிய அறிவித்துவிட்டு, பவளம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ராணுவ ரகசியம் ஆக்குவது எந்த ஊர் நியாயம்?

சென்னை மையத்தில் இருப்பவர்கள் விஞ்ஞானிகள். மக்கள் வரிப்பணத்தில் களத்துக்குப் போனவர்கள். எந்தத் தேதியில் போனார்கள், எத்தனை நாள் நின்றார்கள், அது ஆமை வரும் மாதமா வராத மாதமா, கோட்டை எங்கே போட்டார்கள் என்று சொல்லட்டும். அந்த வரைபடத்தை வெளியே வைக்கட்டும். ஆமை எந்த மணலில் முட்டையிடுகிறது என்று தெரிந்துகொண்டு எந்த எதிரி நாடு நம்மேல் படையெடுக்கும் என்பதையும் கூடவே எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.